வீட்டில் முதல் காளான் படுக்கை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வீட்டில் சிப்பிக் காளான் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மதுரைப் பக்கம் வீட்டுக் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை வைத்து ஒன்பது வருஷமாகக் காளான் எடுக்கிறேன். நான் முதன்முதலில் போட்ட 6 படுக்கையில் (வைக்கோலும் வித்தும் அடைத்த பையைத்தான் படுக்கை என்கிறோம்) 5 குப்பைக்குப் போனது, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: கடையில் கிடைக்கும் மொட்டுக் காளானையே வீட்டில் வளர்க்க முடியாதா அக்கா? பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் யோசிக்கலாம். அது முளைக்க 16, 18 டிகிரி குளிர் வேண்டும், அதோடு வாரக்கணக்கில் கிளறிப் பக்குவப்படுத்திய மக்கு உரமும் வேண்டும். சமவெளியில் வீட்டுக்குச் சரிப்படாது. சிப்பியில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: வீடியோ நிறையப் பார்த்துவிட்டேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதல்முறை போடுகிறவன் எதைக் கவனிக்க வேண்டும்? (தஞ்சாவூர்)

வைக்கோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் நல்ல வைக்கோலாக எடுங்கள். இந்தப் போகத்தில் அறுத்தது, பொன் நிறம் மாறாதது, மழையில் நனைந்து காயாதது. போரின் அடியில் கறுத்துக் கிடப்பதை மாட்டுக்காரர் சும்மா தருகிறார் என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன், அதில் ஏற்கெனவே வேறு பூஞ்சை குடியிருக்கும். 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேகவையுங்கள். கொதி வந்ததிலிருந்துதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும், அடுப்பில் ஏற்றியதிலிருந்து அல்ல.

வடித்த பிறகு சுத்தமான துணியிலோ கழுவித் துடைத்த தார்ப்பாயிலோ பரப்பி ஆறவிடுங்கள். பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே விழக்கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும். கைப்பதம் பிடிபடாதவர்களுக்கு நான் தராசைக் காட்டுவேன்: அரைக் கிலோ காய்ந்த வைக்கோல், பதமாக ஆறிய பிறகு ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். ஒன்றே முக்காலைத் தாண்டினால் இன்னும் கொஞ்ச நேரம் காயட்டும்.

அப்புறம் பை. 60க்கு 30 சென்டிமீட்டர் பாலித்தீன் பையின் அடியைச் சணல் கயிற்றால் கட்டி உட்பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், அடி வட்டமாக நிற்கும். நடுவில் எதிரெதிராக ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு துளை. 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைக்கோல், அதன் மேல் ஓரமாகச் சுற்றி ஒரு கை வித்து (காளான் பூஞ்சை படர்ந்த சோளம்), மறுபடி வைக்கோல், மறுபடி வித்து, இப்படி நாலைந்து அடுக்கு. லேசாக அமுக்கி வாயைக் கட்டித் தொங்கவிடுங்கள். 300 கிராம் வித்துப் பொட்டலம் இரண்டு படுக்கைக்குப் போதும்.

இதற்குப் பிறகு 15 முதல் 20 நாள் நீங்கள் ஒன்றும் செய்யக்கூடாது. உண்மையிலேயே கஷ்டமான பகுதி இதுதான். தினமும் போய்ப் பையை அமுக்கிப் பார்ப்பது, துளையில் விரலை விட்டுப் பார்ப்பது, எல்லாம் வேண்டாம். பை முழுக்கப் பால் வெள்ளையாகப் படர்ந்ததும் பாலித்தீனைக் கிழித்து எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்க ஆரம்பியுங்கள். மூன்று நான்கு நாளில் மொட்டு தெரியும், அதிலிருந்து மூன்றாம் நாள் பறிக்கலாம்.

கேள்வி: பத்தாம் நாள் பையின் அடியில் பச்சையாக ஒரு திட்டு. வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாமா?

அது டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை. வயலில் விவசாயிக்கு நண்பன், வேரழுகலைத் தடுக்க நாமே காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம், காளான் படுக்கையில் மட்டும் எதிரி. அடியில்தான் வந்திருக்கிறது என்கிறீர்கள், அதுவே காரணத்தைச் சொல்கிறது. தண்ணீர் கீழே இறங்கித் தேங்கியிருக்கிறது, வைக்கோல் பதத்துக்கு வரும் முன்பே கட்டிவிட்டீர்கள்.

ரூபாய் நாணயம் அளவுதான் என்றால் அந்தப் பையை மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள், சில நேரம் வெள்ளை அதை மூடிக்கொண்டு முன்னேறிவிடும். கையளவு பரவிவிட்டால் பையைத் திறக்காமல் அப்படியே தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். அறைக்குள் வைத்து வெட்டினால் அந்தப் பச்சைத் தூள் பறந்து அடுத்தடுத்த பைகளில் உட்காரும்.

கேள்வி: வித்து எங்கே வாங்குவது? கடையில் வாங்கிய காளானிலிருந்தே வித்து எடுக்க முடியாதா?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வித்தும் கொடுக்கிறார்கள், பயிற்சியும் நடத்துகிறார்கள். பல மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டுப் பார்க்கலாம், தனியார் வித்துக்கூடங்களும் உண்டு. எங்கே வாங்கினாலும் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சோளத்தின் மேல் பஞ்சு போர்த்திய மாதிரி முழு வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் வேண்டாம், அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கி நின்றால் அது கிழடு. புளித்த வாடை அடித்தாலும் வேண்டாம். முதல் வருஷம் ஓர் இடத்தில் வாங்கிய பத்துப் பொட்டலத்தில் நான்கு இப்படி இருந்தது, கேட்டதற்கு "அதெல்லாம் முளைக்கும்மா" என்றார்கள். முளைத்தது, பச்சையாக.

காளான் திசுவிலிருந்து வித்து எடுக்க முடியும்தான். ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய ஊடகம், பிரஷர் குக்கர், காற்றசையாத பெட்டி எல்லாம் வேண்டும். பத்துப் படுக்கை ஒழுங்காக எடுத்த பிறகு அந்த விளையாட்டுக்குப் போங்கள்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு. பால்கனி அல்லது பயன்படுத்தாத குளியலறை இருக்கிறது. முடியுமா மேடம்?

இரண்டு மூன்று படுக்கைக்குக் குளியலறை நன்றாகவே இருக்கும், ஈரம் தானாக நிற்கும், கழுவிவிடவும் வசதி. ஜன்னல் மட்டும் இருக்க வேண்டும். பால்கனி என்றால் நனைத்த கோணிச் சாக்கை மூன்று பக்கமும் தொங்கவிடுங்கள், வெயிலும் காற்றும் நேராக அடிக்கக்கூடாது. சென்னையில் காற்றில் ஈரம் உண்டு, சூடுதான் தொல்லை. 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, அதனால் மழை ஆரம்பித்த பிறகு தொடங்கி மாசி வரை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிப்பிக் காளான் முற்றினால் ஸ்போர் என்ற நுண்துகள்களை வெள்ளைத் தூளாக ஏராளமாகக் கொட்டும். மூடிய அறையில் அதைத் தினமும் சுவாசித்தால் இருமல், மூச்சிரைப்பு வரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் குடியிருக்கும் வீட்டுக்குள் வளர்க்கவே வேண்டாம். மற்றவர்களும் குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிடுங்கள், உள்ளே போகும்போது முகக்கவசம் போடுங்கள்.

கேள்வி: காம்பு நீளநீளமாக வருகிறது, குடை மட்டும் சட்டை பொத்தான் அளவுதான். வித்து சரியில்லையா?

வித்தின் மேல் பழி போடாதீர்கள். காற்று போதவில்லை. காளானும் நம்மைப் போலப் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது, அறையில் அது சேரச்சேர நல்ல காற்றைத் தேடிக் காம்பு நீளும். வித்து பரவும் நாட்களில் அடைத்து வைத்தது சரி, பையைக் கிழித்த பிறகு காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறக்க வேண்டும். கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும், செய்தித்தாளைப் படிக்கிற அளவுக்கு. கும்மிருட்டில் வைத்தால் குடை விரியாது.

கேள்வி: மொட்டு அழகாக வந்தது, இரண்டே நாளில் மஞ்சளாகிக் கருகிவிட்டது. தண்ணீர் நிறையத்தான் ஊற்றினேன்.

ஊற்றினேன் என்கிறீர்கள் பாருங்கள்! தெளிக்க வேண்டும் அம்மா, பூ மாதிரி. மொட்டின் மேல் தண்ணீர் தங்கினால் அழுகும், அறை வறண்டாலும் கருகும், பார்ப்பதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். தொட்டுப் பாருங்கள், கொழகொழ என்றால் தண்ணீர் கூடிவிட்டது, காகிதம் மாதிரி இருந்தால் வறட்சி. தரையில் ஆற்று மணல் பரப்பி அதை நனையுங்கள், சுவரோரச் சாக்கை நனையுங்கள், படுக்கைக்குக் கைத்தெளிப்பானால் இரண்டு வேளை லேசாகப் போதும். பறிக்கிற அன்று பறித்த பிறகுதான் தெளிக்க வேண்டும், முன்பே தெளித்தால் காளான் தண்ணீரைக் குடித்து மாலைக்குள் நசநசத்துவிடும்.

கேள்வி: பார்மலினும் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் வேகவைக்கவே வேண்டாமாமே?

பெரிய அளவில் செய்கிறவர்களுக்கு விறகுச் செலவு மிச்சம் என்று அந்த முறை இருக்கிறது. நாலு படுக்கை போடுகிற உங்களுக்கு எதற்கு? பார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும், சமையலறைப் பக்கம் வைக்கிற பொருளே அல்ல. ஒரு அண்டாத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதில் என்ன சோம்பல்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன் அக்கா. இங்க மரத்தூள் பையிலதான் கூடுதலா வளக்கிறவை. வைக்கோல் சரிவருமோ?

தாராளமாக வரும். மரத்தூள் முறையில் தவிடு சேர்ப்பீர்கள், தவிட்டைக் கண்டால் எல்லாப் பூஞ்சையும் ஓடி வரும், அதனால்தான் பையைப் பீப்பாயில் வைத்து மணிக்கணக்கில் ஆவி கட்ட வேண்டியிருக்கிறது. வெறும் வைக்கோலுக்கு ஒரு மணி நேரக் கொதி போதும். மரத்தூள் பை மெதுவாகப் பரவும், ஆனால் பல மாதம் விட்டுவிட்டுக் காய்க்கும். வைக்கோல் சட்டென்று வரும், 45 நாளில் கதை முடியும். முதல்முறைக்கு எனக்கு வைக்கோல்தான் தோன்றுகிறது, தவறு செய்தால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கேள்வி: படுக்கையில் கறுப்பாக, ஒல்லியாகக் குடை முளைத்திருக்கிறது. சாப்பிடலாமா?

கூடாது. மைக்குடைக் காளான் என்பார்கள், காலையில் முளைத்து மாலையில் மை மாதிரி உருகி ஒழுகும். பழைய வைக்கோல், அரைவேக்காடு, அதிக ஈரம், மூன்றில் ஒன்று இருந்தாலே வரும். உருகுவதற்குள் பிடுங்கி எறியுங்கள், சிப்பி பின்னால் வரலாம். பொதுவாகவே நீங்கள் போட்ட வித்தின் காளான் மாதிரி இல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள். வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும் என்று விஷம் பார்க்கச் சொல்லும் பாட்டி வைத்தியமெல்லாம் உயிருக்கு உலை வைக்கும்.

கேள்வி: மழைக்கு முளைக்கும் புற்றுக் காளானை வளர்க்க முடியாதா? அந்த ருசி சிப்பியில் இல்லையே.

இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வளர்ப்பது நாமல்ல, கரையான். புற்றுக்குள் கரையான் தன் உணவுக்காகப் பராமரிக்கிற தோட்டம் அது, மழைக்குப் பிறகு மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கரையானைக் குடிவைக்கச் சம்மதிக்கிற வீட்டுக்காரர் கிடைத்தால் சொல்லுங்கள்.

கேள்வி: குட்டி ஈக்கள் மொய்க்கின்றன. மருந்து அடிக்கலாமா?

சாப்பிடுகிற பொருளின் மேல் பூச்சிமருந்தா? ஜன்னலுக்கு நெருக்கமான கொசுவலை, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுவது, பறித்தபின் காம்புத் துண்டுகளைச் சுத்தமாக அகற்றுவது, இவ்வளவுதான். அறுவடை முடிந்த பழைய படுக்கையை அறையில் வைத்திருந்தால் ஈயை நீங்களே வளர்க்கிறீர்கள்.

கேள்வி: ஒரு படுக்கையில் எவ்வளவு கிடைக்கும்? வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா சார்?

சார் இல்லை, அக்கா. அரைக் கிலோ வைக்கோல் படுக்கையில் மூன்று அறுவடையும் சேர்த்து அரைக் கிலோ வந்தாலே முதல்முறைக்கு நல்ல விளைச்சல். கை பழகியபின் முக்கால் கிலோவைத் தாண்டலாம். முதல் அறுவடையில்தான் பெரும்பங்கு வந்துவிடும். பறித்ததும் படுக்கையின் மேற்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டுத் தொடர்ந்து தெளித்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்தது வரும்.

வேலையை விடாதீர்கள். வளர்ப்பதை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், விற்பதுதான் பாடு. பறித்த காளான் வெளியில் ஒரு நாள், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள். இன்றைக்கு ஐந்து கிலோ வந்து இரண்டு கிலோ விற்றால், மீதி மூன்று கிலோவைத் தெருவுக்கே பிரியாணி போட வேண்டியதுதான். நான் போட்டிருக்கிறேன். முதலில் வாரம் இரண்டு கிலோவுக்கு நிலையான நாலு வீட்டைப் பிடியுங்கள்.

கேள்வி: கோடையில் என்ன செய்வது?

பால் காளான். 30, 35 டிகிரியில் சந்தோஷமாக வளரும், நம் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் இதில்தான், ஏபிகே என்பது அருப்புக்கோட்டை. பறித்தாலும் சிப்பியைவிட அதிக நாள் கெடாமல் நிற்கும். ஆனால் வித்து பரவிய படுக்கையை இரண்டாக அறுத்து, மேலே வேகவைத்த மண்ணை இரண்டு சென்டிமீட்டர் மூட வேண்டும், அந்த மண் காயாமலும் சேறாகாமலும் பார்க்க வேண்டும். ஒரு வேலை கூடுதல். சிப்பியில் இரண்டு முறை ஜெயித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: முடிந்த படுக்கையைத் தூக்கிப் போட மனசில்லை. எதற்காவது ஆகுமா?

பச்சை பிடிக்காததென்றால் உதிர்த்து மக்கு குழியில் போடுங்கள், மண்புழு இதை விரும்பிச் சாப்பிடும். நான் கறிவேப்பிலை மரத்தடியில் மூடாக்காகப் போடுகிறேன். ஒரு ஐப்பசி மழையில் அங்கேயே நாலு கொத்து முளைத்திருந்தது, மாமியார் பறித்துக்கொண்டு வந்து குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். திறந்தவெளியில் அதோடு வேறு எதுவும் சேர்ந்து முளைத்திருக்கலாம் என்று சொல்லி வாங்கிக் கொட்டிவிட்டேன். இன்னும் அவருக்குக் கோபம் தீரவில்லை.