இடுப்பளவை உரத்துச் சொல்லாதீர்கள்

14 வயது மகள் கண்ணாடியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறாள், தன் உடம்பை அவள் வெறுக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற தாய். செய்யக்கூடாததைச் செய்துவிட்டுப் பிறகு கற்றுக்கொண்டவள்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டுக்குச் சட்டை தைக்க மகளைக் காலி வீதியில் ஒரு தையற்கடைக்குக் கூட்டிச் சென்றேன். அளவெடுத்த பெண், கொப்பியில் எழுதுகிறவருக்குக் கேட்கவேண்டுமே என்று, "இடுப்பு 31, போன முறையைவிட இரண்டரை அங்குலம் கூட" என்று உரத்துச் சொன்னார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அதையாவது மறந்திருப்பாள். நான் சிரித்துக்கொண்டே, "இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால் சரியாகிவிடும்" என்றேன். அன்றிரவு பிள்ளை பிட்டைத் தொடவில்லை. அடுத்த மூன்று மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்ததை எழுத விருப்பமில்லை.

அந்த இரண்டரை அங்குலம் என்ன என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டி மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த ஆண்டுகளில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது உடம்பு தானாகச் செய்கிற வேலை; போதிய கொழுப்பு இல்லாவிட்டால் மாதவிடாயே ஒழுங்காக வராது. மண்டபம் எடுத்து, ஊரைக் கூட்டிச் சாமத்தியச் சடங்கு செய்கிறோம். அதோடு வருகிற இடுப்பைப் பார்த்துத்தான் முகம் கோணுகிறோம்!

எங்கள் அம்மம்மா காலத்தில் "உடம்பு வைத்திருக்கிறாய்" என்றால் பாராட்டு. பிஜித் தீவிலும் அப்படித்தான் இருந்ததாம். அங்கே நட்ரோகா என்ற மாகாணத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. உணவுக் கோளாற்றைக் கண்டறியும் வினாக்கொத்தில் அபாய எல்லையைத் தாண்டிய மாணவிகள் அப்போது 12.7 சதவீதம், 1998இல் 29.2 சதவீதம். மூன்றே ஆண்டுகள், அதுவும் வெறும் தொலைக்காட்சி. நம் பிள்ளைகளின் கையில் இருப்பதோ முகத்தையே மாற்றிக் காட்டுகிற தொலைபேசி.

தொலைபேசியைப் பறித்துப் பார்த்தேன், பயனில்லை. என் வாயைக் கட்டியதுதான் உதவியது. சேலை உடுத்தும்போதெல்லாம் "ஐயோ, யானை மாதிரி இருக்கிறேன்" என்று முணுமுணுப்பது என் பழக்கம். பிள்ளை அதைப் பிறந்த நாள் முதல் கேட்டிருக்கிறாள். அந்தப் பழக்கத்தைக் கைவிடத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் பெற்றோருக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எடையைப் பற்றிப் பேசாதீர்கள், பட்டினி போட்டு மெலிய ஊக்குவிக்காதீர்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். கடைசியது எங்களுக்கு இலகு. இடியப்பமும் சொதியும் மேசைக்கு வந்தால் யாரும் தனியே இருக்கமாட்டார்கள்.

மகன்களும் தப்பவில்லை. என்னுடையவன் 17 வயதில் புரதப் பவுடர் கேட்டு நிற்கிறான். நிறத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டாம்: ஃபெயார் அன்ட் லவ்லி என்ற பூச்சு 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது, நம் கல்யாண விளம்பரங்கள் இன்னும் மாறவில்லை.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சாப்பிட்டவுடன் குளியலறைக்கு ஓடுவது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது இவற்றில் எதைக் கண்டாலும் நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். இலங்கையில் இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உறவினரைத் திருத்துவது வேறு கலை. கனடாவிலிருக்கும் மகளின் மாமி வீடியோ அழைப்பில் முதலில் கேட்பது "மெலிந்தாயா, கொழுத்தாயா, கறுத்தாயா" இந்த மூன்றில் ஒன்றைத்தான். போன மாதம் மகள் வருவதற்கு முன்பே, "மச்சாள், பிள்ளையின் உடம்பைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு உண்மையாகவே குழம்பிப்போய், "அப்படியென்றால் நான் எதைத்தான் கேட்பது?" என்றார்.