கென்னத் கவுண்டா: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: சாம்பியாவின் முதல் அதிபர் கவுண்டா கையில் எப்போதும் வெள்ளைக் கைக்குட்டை இருந்ததே, ஏன் ஐயா?

பதில்: அது அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து அதைத்தான் ஆட்டுவார். பேச்சின் நடுவே கண் கலங்கினால் அதிலேயே துடைத்துக்கொள்வார். பொது இடத்தில் அழ வெட்கப்படாத மனிதர்.

கேள்வி: அவரைக் காந்தியவாதி என்று சொல்லலாமா?

பதில்: பாதி சொல்லலாம். ஆங்கிலேயர் அவரை 1955-இலும் 1959-இலும் சிறையில் போட்டார்கள். காந்தி வழியைப் பேசியே 1964 அக்டோபர் 24-இல் விடுதலை வரை கொண்டுவந்தார். ஆனால் அப்புறம் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), தென்னாப்பிரிக்கப் போராளிகளுக்குத் தலைநகர் லுசாகாவில் இடம் கொடுத்தார். அவர்கள் ஆயுதம் எடுத்தவர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கேள்வி: அண்ணா, அவ்வளவு செம்பு இருந்தும் நாடு ஏன் நொடித்தது?

பதில்: செம்பை மட்டுமே நம்பியதால்தான் தம்பி. 1970-களின் நடுவில் உலகச் சந்தையில் அதன் விலை விழுந்தது. கடலில்லாத நாடு வேறு. 1973-இல் ரொடீசிய எல்லை மூடப்பட, தெற்கு வழி போயிற்று. சீனா கட்டிக்கொடுத்த 1,860 கிலோமீட்டர் தான்சானியா ரயில்பாதை ஓரளவு கைகொடுத்தது. கடன் ஏறியது. அங்கே அன்றாடச் சாப்பாடு, மக்காச்சோள மாவில் கிளறும் ந்ஷிமா என்ற களி. அந்த மாவுக்கான மானியத்தில் 1986-இல் கைவைத்தார்கள், செம்புச் சுரங்க ஊர்களில் கலவரம் வெடித்தது. 1990-இல் மாவு விலை இரு மடங்கானதும் லுசாகாவே கொந்தளித்தது. அவர் ஆட்சியை ஆட்டியது எதிர்க்கட்சியைவிட இந்த மாவுதான் என்பேன்.

கேள்வி: சர்வாதிகாரிதானே அவர்?

பதில்: ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தவர், மறுக்க முடியாது. சிறுவயது நண்பர் சைமன் கப்வெப்வே துணை அதிபராகவும் இருந்தவர். 1971-இல் தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டே கட்சிக்குத் தடை, அவருக்குச் சிறை. கவுண்டாவை நேசிக்கிற எனக்கு இது ஆறாத வருத்தம்.

கேள்வி: சரி, தோற்றதும் எப்படி நடந்துகொண்டார்?

பதில்: 1991 தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் சிலுபா முக்கால்வாசி வாக்குகளை அள்ளினார். 27 ஆண்டு ஆண்டவர் முரண்டு பிடிக்காமல் பதவியை ஒப்படைத்தார். பதிலுக்குக் கிடைத்தது என்ன? பெற்றோர் மலாவிக்காரர்கள் என்று காட்டி 1996-இல் போட்டியிட விடவில்லை. 1999-இல் நாடற்றவர் என்றே ஒரு நீதிமன்றம் சொன்னது. குடியுரிமை பிறகு திரும்பியது.

கேள்வி: கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

பதில்: எய்ட்ஸ் ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசினார். 1986 இறுதியில் அவர் மகன் இறந்தது அந்த நோயால். வாயைத் திறக்கவே எல்லாரும் கூசிய காலம். அதிபராக இருக்கும்போதே, 1987-இல், அதைப் பத்திரிகையாளர்களிடம் அவரே சொன்னார். 2021 ஜூன் 17-இல், 97 வயதில் காலமானார்.