அண்மையில் பார்த்த படம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் பார்த்த ஒரு படத்தைப் பற்றி மனத்தில் பட்டதை எழுதுமாறும், கேட்கத் தோன்றுவதைத் தயங்காமல் கேட்குமாறும் சென்ற இதழில் வாசகர்களை அழைத்திருந்தோம். வந்த கடிதங்கள் பெரும்பாலும் 2024, 2025 ஆண்டுகளில் வெளியான தமிழ்ப் படங்களைப் பற்றியவை. எழுதியவர்களில் எவரும் திரைத்துறையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால்தான் இக்கடிதங்களை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். ஊர்ப்பெயரை மட்டும் குறித்துச் சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

‘மெய்யழகன்’ படத்தை வெளியான மறுநாளே பார்த்து, இடைவேளையிலேயே கண்கலங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்த என் தம்பியோ, “அதில் என்ன அக்கா நடக்கிறது? இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்” என்கிறான். நான் சொல்லும் சில காட்சிகள் படத்தில் வரவே இல்லை என்றும் சாதிக்கிறான். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? (வாசகி, கும்பகோணம்)

காட்சிகளைப் பொறுத்தவரை நீங்கள் இருவர் சொல்வதும் சரி. பிரேம்குமார் இயக்கிய இந்தப் படம் 2024 செப்டம்பர் 27 அன்று ஏறத்தாழ மூன்று மணி நேர அளவில் வெளியானது. நீளத்தைப் பற்றிய குறைகள் எழுந்ததும், சில நாட்களுக்குள் ஏறக்குறைய 18 நிமிடங்கள் நீக்கப்பட்டன. நீங்கள் பார்த்ததும் தம்பி பார்த்ததும் ஒரே பெயர் கொண்ட இரண்டு படங்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு படத்தை எப்போது, எங்கே, எந்த வடிவில் பார்த்தோம் என்பதைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொன்னால், கேட்பவருடன் வீணாக வழக்காட நேரும் என்பதற்கு உங்கள் வீடே சான்று.

‘என்ன நடக்கிறது’ என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996-இல் ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் மகன் அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு தங்கையின் திருமணத்துக்கு வருகிறான். அங்கே ஒருவன் அவனை விட்டு நகராமல், உபசரித்து, உரிமையோடு பேசிக்கொண்டே இருக்கிறான். அருள்மொழிக்கோ அவன் யார் என்பதும் நினைவில்லை, பெயரும் நினைவில்லை. பேருந்து தவறிப்போய் இரவை அவன் வீட்டிலேயே கழிக்க நேர்கிறது. வெளிப்பார்வைக்கு இவ்வளவுதான் கதை. ஆனால் தன்மீது இத்தனை அன்பு வைத்திருக்கும் ஒருவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற வெட்கம் அந்த மனிதனுக்குள் மணிக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கிறது. தான் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் அந்த வீட்டைக் கைதூக்கிவிட்டது என்று அவன் அறியும்போது அந்த வெட்கம் தாங்க முடியாததாகிறது. இதைக் காட்ட நேரம் வேண்டும். அரவிந்த்சாமியின் முகத்தில் அது சிறிது சிறிதாக ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், ஆகவே கண்கலங்கினீர்கள்.

தம்பியின் பக்கமும் நியாயம் உண்டு. வரலாறு, போர், பொது நிகழ்வுகள் என்று பேச்சு விரிந்த பகுதிகளில், கார்த்தி ஏற்ற பாத்திரம் எதிரே அமர்ந்திருக்கும் உறவினரை விட்டுவிட்டு அரங்கில் அமர்ந்திருக்கும் நம்மை நோக்கிப் பேசத் தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். வெட்டியவற்றில் அத்தகைய பகுதிகளும் உண்டு. எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஓர் இடத்தைச் சுட்டிச் சொன்னால், அக்காவும் தம்பியும் மேற்கொண்டு பேச நிறைய இருக்கும்.

‘கொட்டுக்காளி’ எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை, முடிவும் இல்லை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். படித்தவர்கள் அதைப் புகழ்வதைப் பார்க்கும்போது, பிடிக்கவில்லை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதே நாளில் வந்த ‘வாழை’யைப் பார்த்து நான் அழுதேன். என் ரசனையில் குறை இருக்கிறதா? (வாசகர், மதுரை)

குறை எதுவும் இல்லை. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வதுதான் தவறு. அதை நீங்கள் செய்யவில்லை.

உங்கள் ஏமாற்றத்துக்கு ஒரு காரணம் படத்துக்கு வெளியே இருக்கிறது. பி. எஸ். வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. ‘கொட்டுக்காளி’யும் 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட பிறகே ஆகஸ்டு 23 அன்று நம் ஊர் அரங்குகளுக்கு வந்தது. நீங்களோ, ‘விடுதலை’யிலும் ‘கருடன்’ படத்திலும் பார்த்த சூரியை எதிர்பார்த்துப் போயிருப்பீர்கள். எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு என்றால் முதல் அரை மணி நேரம் மனம் படத்தோடு சேராது. அதைப் பார்வையாளரின் குற்றமாகச் சொல்லும் பழக்கம் சில விமர்சகர்களுக்கு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆயினும் நீங்கள் இல்லை என்று எழுதிய மூன்றில் இரண்டைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வேறு சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஒரு சேவலையும் கட்டி எடுத்துக்கொண்டு, ஆட்டோவிலும் இரு சக்கர வண்டிகளிலும் ஒரு குடும்பமே சாமியாரிடம் புறப்படுகிறது. பின்னணி இசை இருந்திருந்தால் அவள்மீது எப்போது இரக்கப்பட வேண்டும் என்று அந்த இசையே சொல்லிக் கொடுத்திருக்கும். இங்கே கேட்பவை ஆட்டோவின் இரைச்சலும், காற்றும், மீனாவை மணக்கவிருக்கும் பாண்டியின் (சூரி ஏற்ற பாத்திரம்), தொண்டையில் சுண்ணாம்பு பூசியதால் கரகரத்த குரலும்தான். மீனா ஒரு பாட்டை முணுமுணுத்ததற்காக அவன் வெறிகொண்டு அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சினிமாச் சண்டைகளில் கேட்டுப் பழகிய முழக்கம் இல்லாமல், அடியின் ஓசை அப்படியே கேட்கிறது. பயணத்தில் வழிமறித்து நிற்கும் காளையின் முன் ஆண்கள் எல்லாரும் திகைத்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதை அழைத்துக்கொண்டு போகும் இடமும் உண்டு. பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோன காட்சி அது. படம் முழுவதும் சொல்ல வந்தது அதற்குள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

முடிவுக்கு வருவோம். சாமியாரிடம் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி கண்ணால் பார்க்கிறான். அவன் தன் எண்ணத்தில் நிற்பானா, மாறுவானா என்பதைப் படம் சொல்லாமல் விடுகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இது ஏமாற்றமாக இருப்பதை உணர்கிறேன். பாண்டி மனம் மாறி மீனாவை வீட்டுக்கு அழைத்துச் சென்றான் என்று காட்டியிருந்தால், நாம் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். அந்த நிம்மதியை நமக்குத் தர இயக்குநருக்கு மனம் வரவில்லை. அவர் செய்ததை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். நீங்கள் ஏற்க வேண்டும் என்பதில்லை.

‘வாழை’ வேறு வழியில் போகும் படம். ரஜினி, கமல் என்று சண்டை போடும் இரண்டு சிறுவர்கள், மனத்துக்குப் பிடித்த ஆசிரியை, பாட்டு, சிரிப்பு என்று நம்மை அருகில் இழுத்துக்கொண்ட பிறகே மாரி செல்வராஜ் வாழைத்தார்ச் சுமையையும் அந்தக் கடைசி இழப்பையும் நம் தோளில் ஏற்றுகிறார். தம் சொந்த இளமையிலிருந்து எடுத்த கதை என்பதால் அந்தச் சுமையின் எடை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு அழுத ஒருவரை ரசனை குறைந்தவர் என்று எவரும் சொல்ல முடியாது.

‘மகாராஜா’வின் முடிவை நண்பன் முன்னதாகவே சொல்லிவிட்டான். பார்த்த படத்தைப் பற்றி மற்றவர்களிடம் எவ்வளவு சொல்லலாம்? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர், தம் வீட்டு ‘லட்சுமி’யைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போகிறார் என்பது வரை சொல்லலாம். நித்திலன் சாமிநாதன் காட்சிகளை அடுக்கியிருக்கும் வரிசைதான் இந்தப் படத்தின் உயிர். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொன்னாலும் அடுத்தவரின் அனுபவம் கெடும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. பெண்கள் மீதான கொடிய வன்முறை கதையின் நடுவில் இருக்கிறது. அத்தகைய காட்சிகளைப் பார்க்க மனம் தாங்காதவர் வீட்டில் இருந்தால், அதைச் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும். கதையின் மர்மத்தைக் காப்பதைவிட அந்த மனிதரைக் காப்பது முதன்மையானது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். நன்றாகச் சிரித்தோம், சில இடங்களில் அழுதோம். ஆனால் அம்மா, “இப்பிடி ஆர் கதைக்கிறது?” என்று இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டார். நல்ல படத்தில் இப்படிக் குறை பார்ப்பது சரியா? (வாசகர், யாழ்ப்பாணம்)

மிகச் சரி. உங்கள் அம்மா சொன்னதைச் சென்னையில் இருக்கும் எந்த விமர்சகராலும் சொல்ல முடியாது. எந்தச் சொல், எந்த இழுப்பு அவருக்கு அந்நியமாகப் பட்டது என்று அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், வெளியிடக் காத்திருக்கிறோம்.

2025 மே 1 அன்று வெளியான இந்தப் படத்தில், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் அங்கிருந்து படகேறி இராமேசுவரம் வந்து, சென்னையில் ஒளிந்து வாழும் குடும்பத்துக்குப் பேச்சே ஆபத்தாகிவிடுகிறது. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். பேச்சைக் கதையின் மையத்தில் வைத்த ஒரு படம், அந்தப் பேச்சில் கூடுதல் அக்கறை காட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது உங்கள் உரிமை. ஆனாலும் 2000-இல் வந்த ‘தெனாலி’யில் ஈழத்தமிழ் பெரிதும் நகைச்சுவைக்கே பயன்பட்டதை நினைத்தால், நாம் ஓரளவு தொலைவு வந்திருக்கிறோம். இங்கே சசிகுமாரும் சிம்ரனும் பேசுவதைக் கேட்டுச் சிரிக்கும் பார்வையாளர், அந்த மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அக்கம்பக்கத்தாரே ஒருவரையொருவர் அறியாத தெருவில், மூதாட்டி ஒருவரின் சாவு வீட்டில் எல்லாரையும் சேர்த்துவைப்பவர் அந்த அகதியே என்பதில், அபிஷன் ஜீவிந்த் தம் முதல் படத்திலேயே பெரிய காரியம் செய்திருக்கிறார்.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. 2022-இல் உண்மையாகவே அப்படிப் படகில் வந்தவர்கள் மண்டபம் அகதிகள் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். படத்தில் வரும் குடும்பத்துக்குக் கிடைக்கும் அன்பான அண்டை வீட்டார் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. படம் தரும் இனிமையை நான் வெறுக்கவில்லை, அந்த முகாமும் நம் நினைவில் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

படம் வெளியான மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டது நியாயமா? (வாசகர், சென்னை)

நியாயம் இல்லை. ‘கங்குவா’ வெளியாகிக் கடும் விமர்சனங்களைச் சந்தித்த பிறகு, 2024 இறுதியில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று இந்தக் கோரிக்கையுடன் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரம் என்று கூறி, தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. காசு கொடுத்துப் பார்த்தவரின் வாயை மூன்று நாள் கட்டிவைக்க எவருக்கும் உரிமை கிடையாது.

அவர்கள் வருத்தத்தில் உண்மை இருக்கும் இடம் ஒன்று உண்டு. அரங்க வாசலில் ஒலிவாங்கியை நீட்டி, ‘படம் எப்படி?’ என்று கேட்கிறார்கள். வெளியே வந்தவர் இன்னும் படத்திலிருந்து மீண்டிருக்க மாட்டார். அந்தக் கணத்தில் ‘வேற லெவல்’ அல்லது ‘மொக்கை’ என்பதைத் தவிர அவரால் எதைச் சொல்ல முடியும்? நடிகரையோ நடிகையையோ தனிப்பட்ட முறையில் ஏசுபவரின் பேச்சுக்கே கூடுதல் பார்வைகள் கிடைக்கின்றன என்பதால் அதுவே திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டப்படுகிறது. பார்வையாளர்கள் அந்த ஒலிவாங்கியைத் தாண்டி நடந்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் பேசினால் போதும்.

ஒன்பது வயது மகனை எந்தப் படத்துக்கு அழைத்துப் போகலாம் என்று தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

முன்பைவிட இப்போது எளிது. பழைய ‘யு/ஏ’ பிரிவு, 2024-இல் வந்த புதிய விதிகளின்படி 7, 13, 16 என்று வயது வாரியாக மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மகனுக்கு ‘யு’ படங்களும் ‘யு/ஏ 7+’ படங்களும் பொருந்தும். 13+, 16+ என்று இருந்தால் முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பெற்றோர் உடன் வந்தாலும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதி இல்லை. சான்றிதழோடு, ஏற்கெனவே படம் பார்த்த மற்றொரு தாயிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் சினிமாவைப் பற்றி எதுவும் தெரியாது. ‘லப்பர் பந்து’ பார்த்தேன். கிரிக்கெட் ஆட்டக்காரர் கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தையே உழுதுவிடும் காட்சியில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட, அடுப்படியில் கிடந்தவள் நான். இதையெல்லாம் விமர்சனம் என்று சொல்ல முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

தாராளமாகச் சொல்லலாம். 2024 செப்டம்பரில் இந்தப் படம் வந்தபோது, கெத்து, அன்பு என்ற இரண்டு ஆட்டக்காரர்களின் வீம்பைப் பற்றியும், சாதியின் பெயரால் அன்புக்கு அணியில் இடம் மறுக்கப்படுவதைப் பற்றியும், விஜயகாந்த் பாட்டைப் பற்றியும் பலர் எழுதினார்கள். அவை எல்லாம் எழுத வேண்டியவைதாம். ஆனால் அந்த டிராக்டரை ஓட்டிய பெண்ணின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து எழுதியவர், நான் படித்த வரையில், நீங்கள் ஒருவர்தான். தமிழரசன் பச்சமுத்து அந்தப் பாத்திரத்தை வெறும் கோபக்கார மனைவியாக விட்டுவிடவில்லை என்பதை உங்கள் கடிதத்துக்குப் பிறகே நான் முழுமையாகக் கவனித்தேன்.

இன்னும் ஒன்றைக் கேட்க ஆவலாக இருக்கிறது. அதே படத்தில் அகிலா என்ற பெண்ணும் ஆண்களோடு சேர்ந்து களத்தில் இறங்கி ஆடுகிறாள். யசோதை களத்தை உழுவதையும் அகிலா அதே களத்தில் ஆடுவதையும் சேர்த்துப் பார்த்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? உங்கள் வீட்டுக்காரர் உடன் வந்திருந்தால் அவர் எந்தக் காட்சிக்குக் கைதட்டினார் என்பதையும் சேர்த்து, அடுத்த இதழுக்குள் எழுதி அனுப்புங்கள்.