இண்டோசூக்கஸ் என்ற இந்திய ஊனுண்ணி டைனோசார் எந்தக் குடும்பம்: டைரனோசாரா, அபெலிசாரா?

அபெலிசார் என்றே போடுங்கள். உங்கள் பழைய புத்தகத்திலுள்ள டைரனோசார் வகைப்பாடு காலாவதியானது.

ஜபல்பூரின் லமேட்டா பாறைப் படிவுகளில் கிடைத்த இதற்கு 1933இல் தொல்லுயிரியலாளர்கள் ஹூனேவும் மாட்லியும் பெயரிட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க அபெலிசார் என்ற குடும்பமே இல்லை. அர்ஜென்டினாவின் அபெலிசாரஸ் 1985இல்தான் விவரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூல்கள் இதை அலோசார் (இன்னொரு ஊனுண்ணிக் குடும்பம்), டைரனோசார் என்று மாற்றி மாற்றிச் சொல்லும். முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள்.

அடுத்து, புத்தகப் படத்தில் இருப்பது எந்த எலும்பு? பெயருக்கு ஆதாரம் மண்டையோட்டின் மேல்பகுதித் துண்டுதான் (அவ்வளவே!). நியூயார்க் அருங்காட்சியகத்திலுள்ள தாடை எலும்புகள் பின்னாளில் இதன் கணக்கில் சேர்க்கப்பட்டவை. ஆகவே தாடையிலுள்ள பற்களை எண்ணி இனத்தை முடிவுசெய்யாதீர்கள்.

ஒன்று: அதே ஜபல்பூர் படிவுகளில் கிடைத்த இண்டோசாரஸ் என்ற டைனோசார் இதிலிருந்து வேறான தனி விலங்குதானா என்பது இன்னும் தீரவில்லை.