லண்டன் பழைய பப் வாசலில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது? முதலாளியா?

பெரும்பாலும் இல்லை. அது லைசென்ஸ் வைத்திருந்தவரின் பெயர். கட்டடம் பல நேரம் ஒரு பீர் கம்பெனிக்குச் சொந்தம். அதை வாடகைக்கு எடுத்து, அந்தக் கம்பெனியின் பீரையே விற்றவர்தான் லைசென்ஸ்தாரர்.

இங்கிலாந்தில் 1552-இலேயே ஒரு சட்டம் வந்தது: பீர்க்கடை நடத்த மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி வேண்டும், கடையில் ஒழுங்கு காப்பேன் என்று பிணையும் எழுதித்தர வேண்டும். பப் வரலாறு தேடுபவர்களுக்கு இன்று பெரிய புதையல் அந்தப் பிணைப் பதிவேடுகள்தான். கணவர் இறந்ததும் மனைவி பெயருக்கு லைசென்ஸ் மாறுவது அதில் சர்வசாதாரணம். 1830-இல் விதியைத் தளர்த்தினார்கள். 2 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) கட்டினால் வரி செலுத்தும் வீட்டுக்காரர் யாரும் வீட்டிலேயே பீர் விற்கலாம். ஊரெல்லாம் கடை முளைத்தது! 1869-இல் லைசென்ஸ் தரும் அதிகாரம் மறுபடி மாஜிஸ்திரேட்டுகளிடமே போனது. 2005 முதல் உள்ளாட்சி மன்றங்கள் தருகின்றன.

பழசுக்கு உதாரணம் வேண்டுமென்றால் லண்டன் சதர்க் பகுதியின் 'ஜார்ஜ்' பப். தீ விபத்துக்குப் பின் 1677-இல் திரும்பக் கட்டியது, முற்றத்தைப் பார்த்த மர மாடங்களோடு. ரயில்வே கம்பெனி கிடங்குக்காகப் பெரும்பகுதியை இடித்துவிட்டது (கொடுமை!). மிச்சம் 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் (பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளை) வசம். பீர் இன்னும் கிடைக்கிறது.