மகன் வேகமாக ஓட்டுகிறான், வேகமாகப் பேசவும் செய்கிறான்

அண்ணே,

சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் என் அறைக்கு வந்து நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். வெளியே நாலு பேர் காலேஜ் விண்ணப்பத்தோடு காத்திருந்தார்கள். அவசரத்தில் "பார்த்துக்கலாம் அண்ணே" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி படுத்தபிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் புரிந்துகொண்டது சரிதானா பாருங்கள். பையன் ப்ளஸ் டூ. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் ரேஸ் நடந்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. வாடகை கோ-கார்ட், அதாவது குட்டி ரேஸ் கார், ஓட்டப் போகிறான், அங்கே வருகிற பெரிய ஆட்களைவிடச் சீக்கிரம் சுற்றி முடிக்கிறான். போன மாதம், கொடி காட்டி நிறுத்திய மார்ஷலை எல்லார் முன்னாலும் அசிங்கமாகத் திட்டி, அதை வீடியோவாகவும் போட்டிருக்கிறான். இரண்டு மாதம் உள்ளே வராதே என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் கண்டித்தால், ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் ஒருவரைக் காட்டி, "வெர்ஸ்டாப்பன் பேசாததையா நான் பேசிட்டேன்? அவரு நாலு தடவ உலக சாம்பியன்" என்கிறான். "அவன் சொல்றதுல நியாயம் இருக்கா தம்பி? திறமை இருந்தா வாயை மன்னிச்சிடுவாங்களா?" என்று கேட்டீர்கள்.

மன்னிக்கிறதெல்லாம் கிடையாது அண்ணே. ஜெயிக்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள், அதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே.

பையன் காட்டுகிற ஆளையே எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்திருந்த வெர்ஸ்டாப்பன், முந்தின பந்தயத்தில் தன் கார் எப்படி ஓடியது என்பதைக் கெட்ட வார்த்தை போட்டுச் சொன்னார். கார் பந்தயங்களை நடத்தும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ. அவரைப் பொதுநல வேலை செய்யச் சொன்னது. டிசம்பரில் ருவாண்டாவில் இளம் ஓட்டுநர்களோடு நேரம் செலவிட்டு அதைக் கழித்தார். அந்தத் தண்டனை எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. டிரைவர்கள் சங்கமும் நவம்பரில், எங்களை வளர்ந்த மனிதர்களாக நடத்துங்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதியது. ஆனால் இந்தக் கதையில் உங்கள் பையன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் திட்டியது காரை. இவன் திட்டியது, மாதச் சம்பளத்துக்கு வெயிலில் கொடி பிடித்து நிற்கிற ஒரு ஆளை.

இன்னொரு கதையும் இருக்கிறது. அதை அவனிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்துச் சொல்லுங்கள். 2025 ஜூன் 1, ஸ்பெயின். பந்தயம் முடிகிற நேரத்தில், பின்னால் வந்த வேறு அணி டிரைவர் ரஸ்ஸலுக்கு இடத்தை விட்டுக்கொடு என்று அணி ரேடியோவில் சொல்கிறது. வெர்ஸ்டாப்பனுக்குக் கடுப்பு. வேகத்தைக் குறைத்து வழிவிடுகிற மாதிரி வந்தவர், ரஸ்ஸலின் கார் மேலேயே போய் இடித்தார். 10 விநாடி தண்டனை. ஐந்தாவதாக முடித்தவர் பத்தாவது இடத்துக்கு இறங்கினார். ஐந்தாம் இடத்துக்கு 10 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 1. ஒன்பது போச்சு. டிசம்பரில் அபுதாபியில் அந்த வருடப் புள்ளிக் கணக்கை முடித்தபோது, பட்டம் வென்ற நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால், அந்த ஒரு நிமிஷக் கோபம் இல்லாமல் ஐந்தாவது பட்டம் அவர் கையில். அப்படி நடந்திருக்கக் கூடாது என்று அவரே மறுநாள் எழுதினார். அவனுடைய ஹீரோவே ஒத்துக்கொண்ட கணக்கு இது.

மனம்விட்டுப் பேசுவதையும் வாய்க்கொழுப்பையும் பையன் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான். நீங்களும் கோபத்தில் அதையே செய்கிறீர்கள். "வாயை மூடிட்டு ஓட்டு" என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. 2020 செப்டம்பரில் இத்தாலியில் முஜெல்லோ பந்தயத்தில் ஜெயித்த ஃபார்முலா ஒன் சாம்பியன் லூயிஸ் ஹாமில்டன், அமெரிக்காவில் தன் வீட்டுக்குள்ளேயே போலீஸ் சுட்டு இறந்த பிரியானா டெய்லருக்காக ஒரு கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறினார். கொன்ற போலீஸ்காரர்களைக் கைது செய்யுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அவருக்குத் தண்டனை இல்லை, ஆனால் மேடையில் ரேஸ் உடுப்பைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று அதற்கப்புறம் விதி வந்தது. அந்தப் பேச்சைச் சாம்பியன் பட்டத்தைக் காட்டி மன்னிக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டம் அவருக்குக் கொடுத்தது மைக்கை மட்டும்தான். பேச்சால் சங்கடம் வந்தாலும் அது அவர் தலையில்தான் விழுந்தது. உங்கள் பையனின் வீடியோவில் அது யார் தலையில் விழுந்தது?

பட்டம் ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜூனைப் பாருங்கள். எஸ்தோனியாக்காரர் யூரி விப்ஸ், வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணி வளர்த்துக்கொண்டிருந்த இளைஞர். மே மாதம்தான் பார்சிலோனாவில் ஃபார்முலா ஒன் கார் பயிற்சியில் உட்கார வைத்திருந்தார்கள். ஜூனில் வீடியோ கேம் நேரலையில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு வார்த்தையை விட்டார். சில நாளில் ஒப்பந்தம் ரத்து. ரெட் புல்லோடு ஏறிய படி ஒரு வார்த்தையில் போனது. அதே வாரம்தான் மூன்று முறை உலக சாம்பியனான நெல்சன் பிக்கே, ஒரு பேட்டியில் ஹாமில்டனை நிறத்தைச் சொல்லிப் பேசியது வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார். அப்படியும் பிரிட்டிஷ் ரேஸிங் டிரைவர்கள் கிளப் அவருடைய கௌரவ உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. மூன்று பட்டமும் அவரைக் காப்பாற்றவில்லை.

திரும்பி வந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் ஓட்டும் கைல் லார்சன், 2020 ஏப்ரலில் ஆன்லைன் பந்தயத்தில் இதே மாதிரி ஒரு வார்த்தை பேசினார். இரண்டு நாளில் ஸ்பான்சர்கள் விலகினார்கள், அணியும் வெளியே அனுப்பியது. பல மாதம் உட்கார்ந்தார், படித்தார், அவர் காயப்படுத்திய மக்களிடமே போய்ப் பேசினார். 2021இல் வேறு அணிக்கு வந்து 10 பந்தயம் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். ஆனால் ஏற்கெனவே ஜெயித்துக் காட்டிய ஆள் என்பதால்தான் அந்த இரண்டாவது போன் கால் வந்தது. வாடகை கார்ட்டில் நல்ல நேரம் போட்ட பையனுக்கு யார் போன் பண்ணுவார்கள்?

பழைய ஃபார்முலா ஒன் சாம்பியன் சென்னாவின் கதையை அவன் எடுத்துவிடுவான், தயாராக இருங்கள். 1990இல் ஜப்பானில் போட்டியாளர் புரோஸ்டை வேண்டுமென்றே இடித்தார், அடுத்த வருடம் தானே அதை ஒத்துக்கொண்டார், அப்படியும் உலகமே கும்பிடுகிறது. உண்மைதான். 1994இல் அவர் இறந்தும் போனார். போனவர்களை மன்னிப்பது சுலபம். நம்ம பக்கம் பழைய குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ "ஆளு ரிங்குல சிங்கம்பா" என்று ஆரம்பித்து, கொஞ்ச நேரம் கழித்து "ஆனா..." என்று குரலைத் தாழ்த்துவார்கள். அந்த "ஆனா"வோடு வாழ்ந்தது அவர்கள் வீட்டுப் பெண்கள்.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும்போது உங்கள் வாயிலிருந்து என்னென்ன வரும் என்று அன்றைக்கு நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். லீவு நாளில் பையன் உங்கள் பக்கத்து சீட்டில்தானே உட்கார்ந்து வந்தான். வெர்ஸ்டாப்பன் அவனுக்கு அப்புறம்தான் அறிமுகம்.

இப்போது பிழைப்புக்கு வருவோம். ரேஸ் டிரைவர் என்றால் ஓடுகிற விளம்பரப் பலகை. உடுப்பில் ஒட்டுகிற ஒவ்வொரு ஸ்டிக்கரும் யாரோ கொடுத்த காசு, அந்தக் காசு இல்லாமல் டயர்கூட வாங்க முடியாது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டியவர்கள் இரண்டே பேர்: 2005இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010இல் நம்ம சென்னை கருண் சந்தோக். கருண் ஓட்டியது கொஞ்ச காலம்தான். இன்றைக்கு அவருக்கு உலகம் முழுக்க அடையாளம் கொடுப்பது டிவி வர்ணனை, அதாவது வாய்! கார் ஏன் வழுக்கியது, பிரேக் எங்கே பிடித்திருக்க வேண்டும் என்று பாமரனுக்கும் புரியும்படி சொல்கிற வாய். உங்கள் பையன் அந்த வீடியோவில் திட்டுவதற்கு முன்னால் இருபது விநாடி, திருப்பத்தில் என்ன நடந்தது என்று விளக்குகிறான். நான் மூன்று தடவை பார்த்தேன். அந்த இருபது விநாடி எனக்குப் பிடித்திருக்கிறது.

அதனால் படிப்பை விடாமல் இதைச் செய்யலாம். மேத்ஸ் குரூப் என்பதால் பொறியியல் கலந்தாய்வில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங்கை முதல் வரிசையில் வையுங்கள். மார்க் எட்டவில்லை என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. அதுவும் வேண்டாம், கையால் வேலை செய்யணும் என்றால் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள், 2 வருடம். காலேஜ் பசங்களே கார் செய்து ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் நடக்கிறது. அந்த அணிகளில் டிரைவருக்கும் இடம் உண்டு, மெக்கானிக்குக்கும் உண்டு, ஸ்பான்சரிடம் போய்ப் பேசுகிறவனுக்கும் உண்டு. உண்மையான பந்தயத்தில் ஓட்ட, இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. உரிமம் வேண்டும், அதை அடுத்த வருடம் பார்க்கலாம். கடன் வாங்கி இப்போதே கார்ட் வாங்கித் தராதீர்கள். உங்கள் வண்டியின் டியூ இன்னும் முடியவில்லை.

முதலில் வீடியோவை அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவனே அந்த மார்ஷலிடம் நேரில் போய்ப் பேசட்டும். நீங்கள் கூடப் போனால் அது உங்கள் மன்னிப்பாகிவிடும். அவர் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம், இரண்டு மாதம் இரண்டு மாதமாகவே இருக்கலாம். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவனை அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும், பதினொன்றாம் வகுப்பு மார்க்கும் எடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் வந்தால் கீழே டீக்கடையில் இருங்கள் அண்ணே, மேலே வர வேண்டாம்.