கொழும்பில் இறங்கியாச்சு... அடுத்த ஊருக்கு எப்படி?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மே மாதம் எட்டு நாள் இலங்கை போகிறோம். நான், கணவர், 10 வயது மகன், 70 வயது மாமியார். கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, மறுபடி கொழும்பு. எட்டு நாளுக்கும் டிரைவரோடு ஒரே வேன் எடுத்துவிடுங்கள், பஸ்ஸும் ரயிலும் குடும்பத்தோடு சரிப்படாது என்கிறார் ஏஜென்ட். அப்படித்தானா? - லாஸ்பேட்டை வாசகி

பதில்: பாதிதான் உண்மை. உங்கள் திட்டத்தில் வேன் கட்டாயம் வேண்டிய நாள் ஒன்றே ஒன்று. அது எல்லயிலிருந்து காலிக்குப் போகும் நாள். எட்டு நாளுக்கும் எடுத்தால், நீங்கள் கண்டியில் புத்தர் பல் கோயிலான தலதா மாளிகையில் வரிசையில் நிற்கும்போதும் காலிக் கோட்டைக்குள் நடக்கும்போதும் வண்டி ஹோட்டல் வாசலில் நிற்கும், வாடகை மட்டும் ஓடும்.

முதலில் ஊர்களின் வரிசையை மாற்றுங்கள். விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்கவில், கொழும்புக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். காலையில் இறங்கினால் நகருக்குள் போகாமல் அப்படியே கண்டிக்குப் போய்விடலாம். கொழும்பைக் கடைசிக்கு வைத்தால் அந்த நெரிசலை ஒரு தடவை பார்த்தால் போதும். முதல் நாளே கொழும்பில் தங்குவதாக இருந்தால், நகரின் முக்கிய ரயில் நிலையமான கோட்டை (ஃபோர்ட்) ஸ்டேஷனிலிருந்து கண்டிக்கு ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

மலை ரயில் உங்கள் தேதிக்கு ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், காரணம் அடுத்த பதிலில். ஓடினால், கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். நுவரெலியாவுக்கு ஸ்டேஷன் அதுதான். ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், வாசலிலேயே ஆட்டோவும் வேனும் நிற்கும். நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும். ரயிலில் மாமியாருக்குக் கழிப்பறை உண்டு, எழுந்து காலை நீட்டலாம். இதே மலைப்பாதையில் வேனில் போனால் நேரம் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும்.

எல்லயிலிருந்து காலிக்கு ரயில் கிடையாது. மலை ரயில் பதுளையோடு முடிந்துவிடுகிறது. பஸ் என்றால் வெல்லவாயவிலோ மாத்தறையிலோ மாற வேண்டிவரும், பெட்டியும் பெரியவருமாக அது வேண்டாம். இந்த ஒரு நாளுக்குச் செலவு செய்யுங்கள். காலியிலிருந்து கொழும்புக்குக் கடலோர ரயில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்வே பஸ் அதைவிட வேகம்தான், ஆனால் அது கொழும்பு நகருக்கு வெளியே, கொட்டாவை பக்கம் மாக்கும்புரவில் இறக்கிவிடும். அங்கிருந்து கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குப் போக நெரிசல் நேரத்தில் இன்னொரு மணி நேரம் ஆகும்.

வேன் பேசும்போது ஏமாற்றம் வாடகைத் தொகையில் இருக்காது, கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். 'ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், மேலே போனால் தனிக் காசு' என்பார்கள். எல்ல-காலி 200 கிலோமீட்டரை ஒட்டி வரும், அன்றைக்கு 100 கிலோமீட்டருக்குக் கூடுதல் கட்டணம். மறுநாள் பத்து கிலோமீட்டர்தான் ஓடுவீர்கள், மிச்சமான 90 கணக்கில் சேராது. அதனால் பல நாள் எடுப்பதாக இருந்தால் மொத்தக் கிலோமீட்டராகப் பேசுங்கள். ஒருநாள் வண்டி என்றால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதிக் கேளுங்கள்: 'எல்ல ஹோட்டலிலிருந்து காலி ஹோட்டல் வரை, நான்கு பேர், மூன்று பெட்டி. டீசல், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, வண்டி காலியாகத் திரும்பும் செலவு எல்லாம் சேர்த்து இலங்கை ரூபாயில் எவ்வளவு?' 'சரி' என்று மட்டும் பதில் வந்தால் போதாது. தொகை எழுத்தில் வர வேண்டும். காலியாகத் திரும்பும் செலவைத்தான் கடைசி நாளில் எடுத்து நீட்டுவார்கள்.

பௌர்ணமி நாளில் ஊர் மாறாதீர்கள். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. மே மாதத்தில் வரும் புத்தர் திருநாளான வெசாக் அதிலும் பெரியது, பஸ்ஸும் ரயிலும் பிதுங்கும்.

கேள்வி: கண்டி-எல்ல ரயிலுக்கு முதல் வகுப்பு டிக்கெட் வாங்கித் தருவதாக ஒருவர் பல மடங்கு விலை சொல்கிறார். நாமே எடுக்க முடியாதா? - மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முடியும். இலங்கை ரயில்வே இணையதளத்தில் 30 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கிறது. திறந்த கொஞ்ச நேரத்திலேயே இந்தத் தடத்தில் இடம் தீர்ந்துவிடும், மறுவிற்பனைக்காரர்கள் பிழைப்பது இதில்தான். தேதி முடிவானதும் 30 நாளைப் பின்னோக்கி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட் எண்ணும், வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட கார்டும் கையில் இருக்கட்டும். நம் வங்கிக் கார்டுகளில் அந்த வசதி பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், பணம் கட்டும்போது அங்கேதான் சிக்கும்.

முதல் வகுப்பு ஏசி பெட்டிக்கு ஏன் ஆசைப்படுகிறீர்கள்? அதில் ஜன்னல் திறக்காது. தேயிலை மலையைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்கு அதிகக் காசு. இரண்டாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் முன்பதிவு இருக்கை உண்டு, ஜன்னலும் திறக்கும், விலையும் குறைவு. நுவரெலியாவில் இறங்கித் தங்கப் போகிறீர்கள் என்றால் கண்டி-நானுஓயா, நானுஓயா-எல்ல என்று இரண்டு டிக்கெட்டாக எடுங்கள். நடுவில் இறங்கிவிட்டு அதே இருக்கைக்கு மறுநாள் உரிமை கேட்க முடியாது.

முன்பதிவு கிடைக்காவிட்டால் அன்றைய டிக்கெட் கவுன்டரில் கிடைக்கும். அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, உட்கார இடத்துக்கும் உத்தரவாதம் இல்லை. இன்னொன்று: கொழும்பிலிருந்து பதுளை போகும் எல்லா வண்டியும் கண்டி ஸ்டேஷனுக்குள் வராது. சில வண்டிகள் கண்டிக்கு வெளியே பேராதனைச் சந்தியிலேயே பதுளைப் பக்கம் திரும்பிவிடும். டிக்கெட்டில் ஏறும் இடம் பேராதனை என்றிருந்தால் ஆட்டோ பிடித்துக் கொஞ்சம் முன்னதாகவே அங்கே போய்விடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் இந்த மலைப்பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. உங்கள் தேதிக்கு எந்தப் பகுதி வரை வண்டி ஓடுகிறது என்று உறுதி செய்த பிறகு ஹோட்டலுக்குப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போய், யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுத் திருகோணமலை போகலாம் என்று இருக்கிறோம். ரயில் உண்டா? - திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: கப்பல் போய்ச் சேரும் காங்கேசன்துறையில் ரயில் நிலையமும் உண்டு. வடக்கு ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன் அது. போரில் அழிந்த பாதை 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் திரும்ப வந்தது. கொழும்பு போகிறவர்களுக்கு இது வசதி.

திருகோணமலைக்கு ரயில் வேண்டாம். வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும், ஆனால் யாழ்ப்பாணப் பாதையும் கிழக்குப் பாதையும் பிரிவது தெற்கே வெகுதூரத்தில், மாகோ சந்தியில். அங்கே வரை இறங்கி, வண்டி மாறி, கல்ஓயா வழியாக மறுபடி வடகிழக்கே ஏற வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகப் பஸ்ஸில் போங்கள். காலையில் கிளம்பினால் பகலிலேயே சேர்ந்துவிடலாம். நடத்துனரிடம் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். சிவப்பு நிற பஸ் அரசு (இலங்கை போக்குவரத்துச் சபை, இ.போ.ச.) வண்டி. தனியார் பஸ்ஸில் பெரிய பெட்டியை இருக்கையில் வைத்தால் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்பார்கள், அது அங்கே வழக்கம்தான், சண்டை வேண்டாம். கொழும்புக்கு இரவுப் பயணம் என்றால் தனியார் ஏசி பஸ்கள் உண்டு. திரும்பி வரும்போது அவற்றில் பல கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியிலிருந்தே கிளம்பும், கோட்டை ஸ்டேஷன் வரை போக வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றுவிடும், மறுபடி தொடங்க மாதக்கணக்கில் ஆகலாம். மற்ற மாதங்களிலும் திரும்பும் கப்பலுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள். அவசரத்துக்கு யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது.

கேள்வி: நம் லைசென்ஸை வைத்து அங்கே ஸ்கூட்டர் எடுத்து ஓட்டலாமா? - முத்தியால்பேட்டை

பதில்: அதை மட்டும் வைத்து ஓட்டக் கூடாது. இங்கே போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள். ஒரு வருடம் செல்லும். ஸ்கூட்டர் ஓட்ட உங்கள் மூல லைசென்ஸில் இருசக்கர வாகனமும் இருக்க வேண்டும். அந்த அனுமதியும் அங்கே அப்படியே செல்லாது. கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் ஒப்புதல் வாங்க வேண்டும், இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் துறையின் தற்காலிக லைசென்ஸ் எடுக்க வேண்டும். தற்காலிக லைசென்ஸுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே 2025 ஆகஸ்டில் கவுன்டர் திறந்தார்கள். அது ஸ்கூட்டருக்கும் கிடைக்குமா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். 'யாரும் கேட்க மாட்டார்கள்' என்று வாடகைக் கடைக்காரர் சொல்வார். போலீஸ் கேட்காமல் போகலாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும். முன்பணமாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து, கடைக்காரர் முன்னாலேயே அவர் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்குப் பிறகு உங்களிடம் காசு கேட்க முடியாது.

கேள்வி: 'முன்பதிவு செய்த ரயில் இருக்கை' என்று பேக்கேஜில் போட்டுப் பணம் வாங்கினார்கள். அங்கே போனால் முன்பதிவில்லாத டிக்கெட். ஆறு மணி நேரம் நின்றுகொண்டே போனோம். எங்கே புகார் செய்வது? - வில்லியனூர்

பதில்: பணம் வாங்கியது இங்குள்ள ஏஜென்ட் என்றால் வழக்கும் இங்கேதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரில் உள்ள ஆணையத்திலேயே மனு போடலாம். ஏஜென்ட் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் புதுச்சேரியில் தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம்.

அதற்கு முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பல ஏஜென்ட்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பேக்கேஜ் அட்டவணை, பணம் கட்டிய ரசீது, கையில் கொடுத்த ரயில் டிக்கெட் மூன்றும் வேண்டும். டிக்கெட்டில் இருக்கை எண் இல்லை என்பதே உங்கள் வலுவான சாட்சி, அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அந்த மை வெளிறிவிடக்கூடும், இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.